பிக்குவெரியிலிருந்து ரெட்ஷிஃப்டுக்குத் தமிழ்த் தரவைச் சிதையாமல் மாற்றுவது எப்படி?

கூகுளின் தரவுக் கிடங்கான பிக்குவெரியில் உள்ள வாடிக்கையாளர் பதிவுகளை அமேசானின் தரவுக் கிடங்கான ரெட்ஷிஃப்டுக்குக் கொண்டுசெல்லும்போது, கோப்புகளை நகலெடுப்பது வேலையின் சிறிய பகுதிதான். இரண்டுமே எஸ்கியூஎல் என்ற வினவல் மொழியைப் புரிந்துகொள்கின்றன என்றாலும், உரையின் நீளம், எண்ணின் துல்லியம், நேரத்தின் பொருள் ஆகியவற்றை அவை வெவ்வேறாகக் கணக்கிடுகின்றன. பெயரும் முகவரியும் தமிழில் இருக்கும் அட்டவணையில் இந்த வேறுபாடு முதல் நாளிலேயே தெரிந்துவிடும்.

முதலில் கோப்பு வடிவத்தை முடிவு செய்யுங்கள். மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் சிஎஸ்வி கோப்பை யாரும் திறந்து பார்க்கலாம். ஆனால் எந்தப் புலம் (அட்டவணையின் நெடுவரிசை) எண், எந்தப் புலம் உரை என்ற குறிப்பு அதில் இல்லாததால், சுழியத்தில் தொடங்கும் கணக்கு எண் வழியில் எங்காவது எண்ணாக வாசிக்கப்பட்டு முன்சுழியத்தை இழந்துவிடும். உள்ளடுக்குப் புலங்கள் (ஒரு புலத்துக்குள் பல புலங்கள்) கொண்ட அட்டவணையைப் பிக்குவெரி சிஎஸ்வியாக ஏற்றுமதி செய்வதும் இல்லை. ஒவ்வொரு மதிப்பையும் அதன் பெயரோடு எழுதும் ஜேசான் வடிவம் அதைவிடப் பரவாயில்லை. ஆனால் 9,007,199,254,740,992-ஐத் தாண்டிய முழு எண்களைப் பல நிரல்கள் ஜேசானிலிருந்து துல்லியமாக வாசிப்பதில்லை என்பதால், பிக்குவெரி 64 பிட் எண்களை உரையாகவே எழுதுகிறது. மறுமுனையில் அவற்றை மீண்டும் எண்ணாக்க வேண்டியிருக்கும். ட்விட்டரும் கிளவுடெராவும் 2013-இல் வெளியிட்ட பார்க்கெட் வடிவம் தரவு வகைகளைக் கோப்புக்குள்ளேயே சுமந்து செல்கிறது. இந்த வேலைக்கு அதையே பரிந்துரைக்கிறேன்.

பார்க்கெட்டைத் தேர்ந்தாலும் ஒரு பொறி உண்டு. கோப்பிலிருந்து தரவை ஏற்றும் ரெட்ஷிஃப்டின் காப்பி கட்டளை பார்க்கெட் புலங்களைப் பெயர் பார்த்துப் பொருத்துவதில்லை, வரிசைப்படியே பொருத்துகிறது. எனவே மூலத்தில் பெயருக்குப் பின் ஊரும், இலக்கில் ஊருக்குப் பின் பெயரும் இருந்தால், இரண்டுமே உரை என்பதால் எந்தப் பிழைச் செய்தியும் வராமல் ஊர்கள் எல்லாம் பெயர்களாக ஏறிவிடும். ஏற்றுமதி வினவலில் எல்லாப் புலங்களையும் குறிக்கும் நட்சத்திரக் குறியை இடாமல், இலக்கு அட்டவணையின் வரிசையில் ஒவ்வொரு புலத்தையும் பெயர் சொல்லி எழுதுங்கள்.

அடுத்தது உரையின் நீளம். பிக்குவெரி யூனிகோட் குறிகளை எண்ணுகிறது; ரெட்ஷிஃப்டின் வார்கேர் என்ற உரை வகை பைட்டுகளை எண்ணுகிறது. ‘தமிழ்நாடு’ என்பது கண்ணுக்கு ஐந்து எழுத்து, யூனிகோடில் 9 குறிகள், குறிகளைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு குறிக்கு 3 பைட் வீதம் 27 பைட். பிக்குவெரியில் 20 என்று வரையறுத்த புலத்தில் தாராளமாக அடங்கும் இந்தச் சொல், ரெட்ஷிஃப்டில் அதே 20-க்குள் அடங்காது. ஒவ்வொரு உரைப் புலத்திலும் பைட்_லெங்த் சார்பின் உச்ச மதிப்பை எடுத்து, வருங்காலப் பதிவுகளுக்கும் இடம் விட்டு அகலத்தை வரையறுங்கள்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று இருக்கிறது. ‘கோபால்’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே யூனிகோட் குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைட் அளவில் வேறு என்பதால் இரு அட்டவணைகளைச் சேர்க்கும் இணைப்பு வினவலில் அவை பொருந்தா. பிக்குவெரியின் நார்மலைஸ் சார்பைக் கொண்டு ஏற்றுமதிக்கு முன்பே எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவாருங்கள். பதிவுகளைப் பொருத்தும் சுட்டுப் புலங்களாகப் பயன்படும் பெயர்களுக்கு இது கட்டாயம்.

பணத் தொகைகள் பிக்குவெரியின் நியூமெரிக் என்ற தசம எண் வகையில் இருந்தால் 38 இலக்கமும் 9 தசம இடமும் கொண்ட ரெட்ஷிஃப்டின் டெசிமலாக மாற்றுங்கள். இன்னும் பெரிய எண்களுக்கான பிக்நியூமெரிக் வகையின் மதிப்புகள் ரெட்ஷிஃப்டின் 38 இலக்க வரம்பைத் தாண்டக்கூடும் என்பதால் முன்பே சோதிக்க வேண்டும். நேரப் புலங்களில் எது யுடிசி (உலகப் பொது நேரம்), எது இந்திய நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதிவையுங்கள். அதிகாலை 2 மணி விற்பனை யுடிசி கணக்கில் முந்தைய நாளில் விழுந்து, நாள்வாரி அறிக்கையைப் பிசகச் செய்துவிடும்.

இவை முடிந்த பின், 1 ஜிபியைத் தாண்டும் அட்டவணையைப் பல கோப்புகளாகக் கூகுள் சேமிப்பகத்துக்கு ஏற்றுமதி செய்து, ஆர்குளோன் போன்ற நகலெடுக்கும் கருவியால் அமேசானின் சேமிப்பகமான எஸ்3-க்கு நகலெடுங்கள். பல பகுதிகளாக ஏற்றிய கோப்புக்கு எஸ்3 தரும் ஈடேக் என்ற அடையாளக் குறி அதன் எம்டி5 (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு மதிப்பு) ஆகாது. அதைக் கொண்டு இரு பக்கத்தையும் ஒப்பிட முயலாமல், ஆர்குளோனின் செக் கட்டளையைப் இரு பக்கக் கோப்புகளையும் பதிவிறக்கி ஒப்பிடும் தெரிவோடு இயக்குங்கள். வெளியேறும் தரவுக்குக் கட்டணம் உண்டு என்பதால் இதன் செலவை முன்பே கணக்கிட்டுக்கொள்வது நல்லது.

எஸ்3-இலிருந்து காப்பி கட்டளையால் ரெட்ஷிஃப்டில் ஏற்றிய பின் வரிகளின் எண்ணிக்கை சரியாக இருப்பது மட்டும் போதாது. மாதவாரித் தொகைகளின் கூட்டல், ஒவ்வொரு புலத்திலும் மதிப்பில்லாத வரிகளின் எண்ணிக்கை, உரைப் புலங்களின் மொத்த பைட் நீளம் ஆகியவற்றை இரு பக்கமும் எடுத்து ஒப்பிடுங்கள். அணுகல் உரிமைகள் தரவோடு வருவதில்லை. அவற்றை அமேசான் பக்கத்தில் புதிதாக எழுத வேண்டும். ஒரு மாத இறுதிக் கணக்காவது இரண்டு அமைப்புகளிலும் ஒன்றாக வரும் வரை, பழைய அட்டவணையை வாசிப்பு உரிமையோடு மட்டும் வைத்திருங்கள்.