மௌதாக் பாதையில் டோல்கெத்லையிலிருந்து கிளம்புங்கள்

வடக்கு வேல்ஸின் மௌதாக் கழிமுகப் பாதையில் சைக்கிளில் போய்த் திரும்புவதாக இருந்தால், கடலோர முனையான பார்மத்தில் தொடங்காமல், உள்நாட்டு முனையான டோல்கெத்லையில் தொடங்குங்கள். 1965ல் மூடிய பழைய ரயில் தடம் என்பதால் பாதை முழுக்க ஏறக்குறைய சமதளம்தான், ஏற்றம் கிடையாது, உங்களைக் களைப்பாக்குவது காற்று மட்டுமே. அது அங்கே பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து, கடல் பக்கமிருந்து வரும். கால் களைக்காமல் இருக்கும்போதே எதிர்காற்றைச் சமாளித்துவிட்டால், திரும்பி வரும் சுமார் 15 கிலோமீட்டரும் காற்று முதுகைத் தள்ளிக்கொண்டே வரும், சின்னப் பிள்ளைகள் கூட இருந்தால் இந்த வித்தியாசம் ரொம்பப் பெரியது. அப்புறம், கடைசியில் வரும் பார்மத் பாலம் முழுக்கத் திறந்தவெளி, மெல்லிய மழைக்கோட்டு ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கிழக்குக் காற்று அடிக்கும் நாளில் இது அப்படியே தலைகீழ், அன்றைக்குப் பார்மத்திலிருந்து கிளம்புவதுதான் சரி, அதனால் முந்தின இரவே வானிலை அறிக்கையில் திசையைப் பார்த்துவிடுங்கள். பக்கத்திலுள்ள கோய்ட் அ பிரெனின் என்ற காட்டிலுள்ள மலைச் சைக்கிள் தடங்களுக்கு இந்தக் கணக்கு வேண்டாம். அங்கே மரங்களே காற்றைத் தடுத்துவிடும், உழைப்பெல்லாம் ஏற்றத்தில்தான்.