ஆய்வின் நோக்கத்தை எழுதுவது எப்படி?

உடல்நலம், சமூக அறிவியல் ஆகிய துறைகளில் பட்ட ஆய்வை மேற்கொள்ளும் மாணவர்கள் தம் முன்மொழிவில் 'நோக்கம்' என்ற பகுதியை ஐந்து நிமிடத்தில் எழுதி முடித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அங்கே இருப்பது நோக்கமன்று. தலைப்பே வாக்கியமாக நீண்டிருக்கும். 'கிராமப்புறப் பெண்களிடையே காணப்படும் இரத்தசோகையை ஆராய்வது' என்று எழுதியவர், எத்தனை பெண்களுக்கு இரத்தசோகை இருக்கிறது என்று கணக்கெடுக்கப் போகிறாரா, இரும்புச்சத்து மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்று கேட்டறியப் போகிறாரா, மாத்திரை வழங்கும் புதிய முறை பயன் தருகிறதா என்று சோதிக்கப் போகிறாரா என்பது தெரியவில்லை. இவை மூன்றும் வெவ்வேறு ஆய்வுகள். முதலாவதற்கு முறையாகத் தேர்ந்த மாதிரியும் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். இரண்டாவதற்குச் சில பெண்களுடன் பொறுமையான நீண்ட உரையாடல் போதும். மூன்றாவது, ஒப்பீட்டுக் குழு இல்லாமல் நடவாது.

எனவே முதலில் வினைச்சொல்லைத் தேர்ந்தெடுங்கள். 'ஆராய்தல்' என்பது எதையும் சொல்லாமல் தப்பிக்க உதவும் சொல். கணக்கிடுதல், விவரித்தல், தொடர்பு காணுதல், ஒப்பிடுதல், சோதித்தல், மதிப்பிடுதல், அனுபவத்தைப் புரிந்துகொள்ளுதல் ஆகியவற்றுள் எது உங்கள் வேலை என்று முடிவு செய்தபின், யாரிடம், எங்கே, எதை, தேவையானால் எதனோடு ஒப்பிட்டு என்பவற்றை அந்த வினைச்சொல்லோடு சேர்த்து ஒரே வாக்கியமாக எழுதுங்கள்.

இதற்குச் சென்னையில் நடந்த ஓர் ஆய்வைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. காசநோயாளிகள் பெருகியிருக்க, மருத்துவமனைப் படுக்கைகளோ மிகச் சிலவாக இருந்த காலத்தில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து 1956இல் சென்னையில் ஓர் ஆய்வு மையத்தைத் தொடங்கின. அவர்கள் 'காசநோய்ச் சிகிச்சையை ஆராய்வோம்' என்று புறப்படவில்லை. ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தால், வீட்டிலிருந்தே சிகிச்சை பெறுபவர் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுபவரைப் போலவே குணமடைவாரா என்பதே கேள்வி. கேள்வி இவ்வளவு கூர்மையாக இருந்ததால் முறையும் தானாகவே அமைந்தது: 193 நோயாளிகள் எழுமாற்று முறையில், அதாவது குலுக்கல் போலத் தற்செயலாக, இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டார்கள், இரு பிரிவினருக்கும் ஐசோனியசிட், பாஸ் (பாரா-அமினோசாலிசிலிக் அமிலம்) ஆகிய மருந்துகள் தரப்பட்டன. வீட்டிலிருந்தோர் குறைவாக உண்டார்கள், நெரிசலில் வாழ்ந்தார்கள், ஓய்வும் குறைவாகவே பெற்றார்கள். ஆயினும் 1959இல் வெளியான முடிவுகளின்படி இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறியிருந்தனர். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு நோய் தொற்றும் அபாயம் கூடுமா என்பதைத் தனிக் கேள்வியாகப் பிரித்து, பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு திட்டத்தில் இரண்டு நோக்கங்கள் இருந்தால் அவற்றைக் கலக்காமல் எப்படி எழுத வேண்டும் என்பதை இங்கே கற்றுக்கொள்ளலாம்.

அடுத்து, மாணவர்கள் அதிகம் வழுக்குமிடம்: தொடர்பையும் காரணத்தையும் ஒன்றாக்குவது. ஒரே முறை வினாநிரல் கொடுத்துத் தகவல் திரட்டிவிட்டு 'கைபேசிப் பயன்பாட்டின் தாக்கம்' என்று தலைப்பிடுகிறார்கள். தூக்கம் கெட்டதால் கைபேசியை எடுத்தாரா, கைபேசியால் தூக்கம் கெட்டதா என்பதை அத்தகைய ஆய்வு சொல்லாது. பிரிட்டிஷ் ஆய்வாளர்களான ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1950இல், நுரையீரல் புற்றுநோயாளிகளையும் பிற நோயாளிகளையும் ஒப்பிட்டுப் புகைப்பழக்கத்துடன் உள்ள தொடர்பைக் காட்டிய பிறகும் அதோடு நிற்கவில்லை. நோய் வருவதற்கு முன்பே பழக்கத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பதற்காக 1951இல் பிரிட்டிஷ் மருத்துவர்களுக்கு வினாநிரல் அனுப்பி, அவர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடரும் ஆய்வைத் தொடங்கினார்கள். அவ்வளவு காலம் உங்களிடம் இல்லையென்றால், 'தாக்கம்' என்ற சொல்லை விடுத்துத் 'தொடர்பு' என்று எழுதுங்கள். அதில் இழுக்கு ஒன்றுமில்லை.

களத்தில் தங்கிச் செய்யும் சமூகவியல் ஆய்வுக்குக் கருதுகோள், அதாவது சோதித்துப் பார்க்க முன்வைக்கும் ஊகம், கட்டாயமில்லை, ஆனால் நோக்கம் மங்கலாக இருக்கலாம் என்பது அதன் பொருளன்று. 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்தில், ஸ்ரீபுரம் என்று புனைபெயரிட்ட ஊரில் ஆய்வு செய்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய், 'கிராம வாழ்வு' என்ற பரப்பை முழுவதும் அள்ள முயலவில்லை. முன்பு ஒரே சாராரிடம் சேர்ந்திருந்த சாதி மேன்மையும் நில உடைமையும் அதிகாரமும் எவ்வாறு பிரிந்து செல்கின்றன என்பதையே மையமாக வைத்தார். சில வேளைகளில் ஓர் ஆய்வின் முடிவே அடுத்த ஆய்வின் நோக்கத்தைத் தந்துவிடும். லண்டனில் அரசு ஊழியர்களான ஆண்களிடம் 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில், பதவிநிலை இறங்க இறங்க இதயநோய் மரணம் ஏறுவது தெரிந்தது. புகை, இரத்த அழுத்தம் போன்றவை அதன் ஒரு பகுதியை மட்டுமே விளக்கின. எஞ்சியது ஏன் என்று கேட்பதற்காக, பெண்களையும் சேர்த்து 1985இல் இரண்டாம் ஆய்வு தொடங்கியது.

நோக்க வாக்கியம் உறுதியானபின் அதிலிருந்து மூன்று அல்லது நான்கு குறிக்கோள்களைப் பிரியுங்கள். ஒவ்வொரு குறிக்கோளுக்கும் எதிரே, அதற்கு விடை தரப்போகும் அட்டவணையையோ நேர்காணல் கேள்வியையோ எழுதிப் பாருங்கள். எதிரே எழுத ஒன்றும் இல்லாத குறிக்கோளை நீக்கிவிடுங்கள். நெறியாளர் கேட்டார் என்பதற்காகச் சேர்த்தவை பெரும்பாலும் இங்கே உதிரும்.

இறுதியாக, அதே நோக்கத்தைப் பங்கேற்பாளருக்கான ஒப்புதல் படிவத்தில் பேச்சுத்தமிழுக்கு நெருக்கமாக எழுத வேண்டும். அமெரிக்காவின் டஸ்கிகியில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் என்ற பால்வினை நோயைச் சிகிச்சையின்றிக் கவனிப்பதே உண்மை நோக்கமாக இருக்க, கறுப்பின ஆண்களிடம் 'கெட்ட இரத்தத்துக்கு' மருத்துவம் செய்வதாகச் சொல்லப்பட்டது. அந்நோயைக் குணப்படுத்தும் பெனிசிலின் வந்த பின்னும் அவர்களுக்கு அது மறுக்கப்பட்டது. முன்மொழிவில் ஒரு நோக்கமும் படிவத்தில் வேறொரு நோக்கமும் இருந்தால் நெறிமுறைக் குழு திருப்பி அனுப்புவது இதனால்தான். படிவத்தைக் களத்துக்குக் கொண்டுசெல்லும் முன், உங்கள் துறையை அறியாத ஒருவரிடம் வாசித்துக் காட்டி, 'இவர்கள் எதற்காக வந்திருக்கிறார்கள்?' என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்வது உங்கள் வாக்கியத்தோடு பொருந்தும்வரை திருத்துங்கள்.