பழைய மரச்சட்டத்தில் களிமண் சில்லு மொசைக்: தொடங்குவோருக்கான செய்முறை

சிறு களிமண் சில்லுகளை ஒட்டி அழகுபடுத்துவதற்காகப் பழைய சாமான் கடையில் படச்சட்டம் வாங்கும்போது, முகப்பைப் பார்ப்பதற்கு முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஊசித்துளைகள் தெரிந்து, தட்டினால் மாவு கொட்டுமானால் அது உளுத்த மரம். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். மூலைகள் மட்டும் ஆடினால் பரவாயில்லை, மரப்பசை விட்டு இறுக்கிக் கட்டி ஒரு நாள் வைத்தால் நின்றுவிடும்.

தொடங்குவோர் பெயின்ட் பூசாத சட்டத்தையே தேர்ந்தெடுப்பது நல்லது. வீட்டுப் பெயின்டில் ஈயத்தை 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்குக்குள்) கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது என்பதால், அதற்கு முந்தைய பூச்சைத் தேய்த்தால் எழும் தூசியில் ஈயம் இருக்கக்கூடும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, 120 எண் உப்புத்தாளால் பளபளப்பு மறையும்வரை தேய்த்துத் துடைத்து, நீர் கலந்து இளக்கிய வெள்ளைப் பசையை ஒரு முறை பூசி உலரவிடவும்.

அடுத்தது சில்லுகள். காற்றில் உலரும் களிமண்ணின் இருபுறமும் 3 மி.மீ. கனமுள்ள பட்டிகளை வைத்து, அவற்றின் மேல் சப்பாத்திக் கட்டையை உருட்டினால் எங்கும் ஒரே கனம் கிடைக்கும். விரும்பினால் வேப்பிலையை அழுத்தி நரம்புகளைப் பதிக்கலாம். 2 செ.மீ. சதுரங்களாக வெட்டவும். படம் தெரியும் இடம் 8க்கு 10 அங்குலமும் சட்ட மரத்தின் அகலம் 2 அங்குலமும் உள்ள சட்டத்துக்கு, களிமண் உலர்ந்து சுருங்குவதையும் உடைவதையும் சேர்த்து 140 சில்லுகள் வேண்டும். வெயிலில் வைத்தால் அப்பளம்போல் சுருண்டுவிடும். நிழலில், அவ்வப்போது திருப்பிப் போட்டு இரண்டு நாள் காயவிடவும்.

அக்ரிலிக் வண்ணம் தீட்டிய பின், அடிப்பக்கமும் ஓரங்களும் விடுபடாமல் வார்னிஷை இரண்டு முறை பூசவும். என் முதல் சட்டத்தில் மேற்பக்கம் மட்டும் பூசினேன். சில்லுகளுக்கு இடையிலான இடுக்குகளில் குரவுட் (இடுக்கை அடைக்கும் சிமென்ட் கலவை) நிரப்பியதும் அதன் ஈரத்தை ஓரங்கள் உறிஞ்சி, பாதிச் சில்லுகள் மீண்டும் களிமண்ணாகிக் குழைந்துவிட்டன.

ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் பசையின்றிப் பரப்பி, மூலைகளிலிருந்து நடுவை நோக்கி அமைத்துப் பாருங்கள். கூடக்குறைய வரும் அளவை நடுவில் சரிசெய்வது எளிது, மூலையில் செய்தால் கண்ணை உறுத்தும். 2 மி.மீ. இடைவெளி விட்டு, வெள்ளைப் பசையால் ஒட்டி, ஒரு நாள் அசைக்காமல் வைக்கவும்.

மணல் கலக்காத குரவுட் பொடியை, இட்லி மாவைவிடக் கெட்டியாகக் குழைத்துக்கொள்ளவும். சிமென்ட் தோலை அரிக்கும் என்பதால் கையுறை அணிந்து, இடுக்குகளில் அழுத்தி நிரப்பி, கால் மணி நேரம் கழித்து, நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் மட்டும் துடைக்கவும்.

மறுநாள் கண்ணாடியை மாட்டலாம். சட்டத்தின் எடை கூடியிருக்கும் என்பதால், பழைய ஒற்றைக் கொக்கியை எடுத்துவிட்டுப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வளையங்களைத் திருகவும். சுவர் அலமாரிக்கும் இதே முறைதான். ஆனால் பொருள் வைக்கும் பலகையை விட்டுவிட்டு, அதன் முன்விளிம்பில் மட்டும் சில்லுகளை ஒட்டவும்.