கேம்பர் வேன் கதவுக்கு நாமே தைக்கும் பூச்சி வலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை மிட்ஜ் காலம். ஏரிக்கரையில் காற்றே அசையாத மாலை நேரத்தில் கேம்பர் வேனின் (உள்ளேயே சமைத்து, தூங்கிப் பயணிக்கும் வேன்) ஸ்லைடிங் கதவைத் திறந்து வைத்தால், இந்தப் பொடிப் பூச்சிகள் கூட்டமாகப் புகுந்து கடித்துத் தீர்த்துவிடும். ஆயத்தமாக விற்கும் கதவு வலைகள் விலை கூடுதல் என்பதால் பலர் தாங்களே தைத்துக்கொள்கிறார்கள். நல்ல முடிவுதான். தையல் தெரிந்த யாரும் செய்யக்கூடிய வேலை.

முதல் தவறு வலை வாங்கும்போதே நடந்துவிடுகிறது. சதுர அங்குலத்துக்கு 156 கண்கள் உள்ள வழக்கமான கொசுவலை கொசுவைத் தடுக்கும், மிட்ஜைத் தடுக்காது. மிட்ஜின் இறக்கை நீளமே ஏறக்குறைய 1.4 மி.மீ. தான், உடல் அதைவிட ஒடுக்கம். கண்ணின் அகலம் அரை மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும் நெருக்கமான வலை வேண்டும். ஆனால் வலை நெருங்க நெருங்க காற்றோட்டம் குறையும். வெயில் காய்கிற, கொசு மட்டுமே தொல்லை தரும் ஊர்களுக்குப் போகிறவர்கள் மிட்ஜ் வலை மாட்டிக்கொண்டு உள்ளே புழுங்க வேண்டியதில்லை. எங்கே போகிறோம் என்பதை முடிவு செய்துவிட்டு வலை வாங்குங்கள். நிறம் கறுப்பாக இருக்கட்டும். வெள்ளை வலை வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் வெளியே பார்க்க முடியாது.

வலைக்கண்ணில் இவ்வளவு கவனம் செலுத்துகிறவர்கள்கூட ஓரத்தில் கோட்டை விடுகிறார்கள். கதவுத் திறப்பை அளந்து, அதே அளவுக்கு வெட்டிவிடுகிறார்கள். ஓரம் மடித்துத் தைத்ததும் வலை குறுகிவிடும். இழுத்து மாட்டினால் மூலைகளில் இடைவெளி விழும். நான்கு பக்கமும் தாராளமாகக் கூடுதல் விட்டு வெட்டுங்கள். ஓரத்துக்குப் பாலியஸ்டர் நாடா கொடுத்து, பாலியஸ்டர் நூலால் தைத்தால் ஈரத்தில் இற்றுப்போகாது. நடுவில் பிரிந்து திறக்கும் வலை என்றால் இரண்டு பாதிகளும் ஒரு சாணாவது ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். கீழ் ஓரம்தான் மிகவும் ஏமாற்றும். ஸ்லைடிங் கதவின் அடியில் படிக்குழி இருக்கிறது. நேராக வெட்டிய வலை அங்கே தொங்கிக்கொண்டு நிற்கும். அட்டையில் படியின் வடிவத்தை வரைந்து, அதை வைத்து வெட்டுவதே சரி. கீழ் மடிப்புக்குள் சன்னமான சங்கிலியை விட்டுத் தைத்தால் காற்றுக்குத் தூக்காது. கதவு ஓடும் தண்டவாளத்துக்குள் வலை இறங்கிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை உருளையில் சிக்கினால் கிழிசல்தான்.

வலையைக் கதவுச் சட்டத்தில் பிடித்து நிறுத்தக் காந்தம் வைப்பவர்கள் முதலில் ஒரு காந்தத்தைக் கையில் எடுத்து அந்தச் சட்டம் முழுக்கத் தொட்டுப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் உறையிலும் அலுமினியத்திலும் அது ஒட்டாது. நடுப் பிளவில் எதிரெதிரே வரும் காந்தங்களின் முகங்களை மார்க்கரால் குறித்துக்கொள்ளாமல் தைத்தால், சேர வேண்டிய இடத்தில் ஒன்றையொன்று தள்ளும். காந்தத்தைத் துணிப்பைக்குள் வைத்து நான்கு பக்கமும் மூடித் தையுங்கள். பெயிண்ட்டில் கீறல் விழாது என்பது ஒரு காரணம். குழந்தைகள் கையில் கிடைக்கக்கூடாது என்பது அதைவிடப் பெரிய காரணம்: விழுங்கிய இரண்டு காந்தங்கள் குடலின் இரு மடிப்புகளைக் கவ்விக்கொண்டு ஓட்டை போட்டுவிடும்.

காந்தத்துக்குப் பதில் வெல்க்ரோ (ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும் நாடா) ஒட்டுவதென்றால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, குளிரில்லாத நாளில் ஒட்டி, ஒரு நாள் முழுக்க இழுக்காமல் விடுங்கள்.

எரியும் அடுப்புக்கு எட்டும் இடத்தில் வலை ஆடக்கூடாது. பாலியஸ்டர் உருகிச் சொட்டும். அவசரத்தில் ஒரே தள்ளலில் திறந்து வெளியேற வழியும் இருக்க வேண்டும். இன்னொன்று, வலை மாட்டிய கையோடு சிலர் வேனின் தரையில் இருக்கும் சிறு துளைகளையும் பூச்சிக்குப் பயந்து அடைத்துவிடுகிறார்கள். அவை சமையல் கேஸ் கசிந்தால் வெளியேறுவதற்கான துளைகள். புரொப்பேனும் பியூட்டேனும் காற்றைவிடக் கனமானவை என்பதால் தரையில்தான் தேங்கும். அந்தத் துளைகளை ஒருபோதும் அடைக்காதீர்கள். பூச்சி வந்தே தீருமென்றால் அகலமான கண்ணுள்ள எஃகு வலையை மேலே பொருத்தி, தூசி அடைக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.