டேனியோவா, ராஸ்போராவா? துணைக்குடும்பம் எழுதும்போது சறுக்கும் இடங்கள்

ஜீப்ரா மீன் எந்தத் துணைக்குடும்பம் (வகைப்பாட்டில் குடும்பத்துக்கு அடுத்த கீழ்ப்படி) என்று கேட்டால் ‘டேனியோனினே’ என்று சட்டென்று பதில் வரும். பதில் சரிதான். ஆனால் எந்த டேனியோனினே?

கெண்டை வகை நன்னீர் மீன்களில் பெரும்பாலானவற்றை சிப்ரினிடே என்ற ஒரே குடும்பத்தில் அடைத்து வைத்திருந்த காலத்தில், டேனியோனினே அதற்குள் ஒரு துணைக்குடும்பம். டேனியோ, ராஸ்போரா, ஈசோமஸ் என்று ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் பல பேரினங்கள் (நெருங்கிய சிற்றினங்களின் தொகுப்புகள்) அதில் கிடந்தன. சில நூல்களில் இதே கூட்டத்துக்கு ராஸ்போரினே என்று பெயர். 2010இல் டாங் என்ற ஆய்வாளரின் குழுவினர் மரபணு வரிசைகளை ஒப்பிட்டு இதை டேனியோனினி, ராஸ்போரினி, செட்ரினி என்று மூன்று இனக்குழுக்களாக (துணைக்குடும்பத்துக்குக் கீழ்ப்படி) பிரித்தார்கள். 2018இல் டானும் ஆம்ப்ரஸ்டரும் வெளியிட்ட வகைப்பாட்டில் டேனியோனிடே தனிக் குடும்பம். இனக்குழுக்கள் ஒரு படி ஏறித் துணைக்குடும்பங்களாகிவிட்டன.

ஆக, பழைய டேனியோனினேயில் ராஸ்போரா உண்டு, புதியதில் கிடையாது. பெயர்ப்பலகை அதேதான், வீடு சுருங்கிவிட்டது. இது தெரியாமல் பழைய நூலிலிருந்து பாதிப் பட்டியலையும் புதிய கட்டுரையிலிருந்து மீதியையும் எடுத்துச் சேர்ப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. ஒரே மீன் இரண்டு துணைக்குடும்பங்களில் வந்து நிற்கும். எந்த வகைப்பாட்டைப் பின்பற்றுகிறோம் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிட்டால் பாதித் தலைவலி போய்விடும்.

எழுத்துப்பிழையும் இங்கே சாதாரணமானதல்ல. ‘இடே’ என்று முடிந்தால் குடும்பம், ‘இனே’ என்றால் துணைக்குடும்பம், ‘இனி’ என்றால் இனக்குழு. டேனியோனிடே, டேனியோனினே, டேனியோனினி என்று வேகமாக எழுதிப் பாருங்கள், கை எங்காவது தடுக்கும். நானே ஓர் அட்டவணை முழுக்கக் குடும்பத்தின் இடத்தில் இனக்குழுவை எழுதி வைத்து, ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன்.

அடுத்தது, விற்பனைப் பெயரை நம்புவது. உடலெல்லாம் முத்துப் புள்ளிகள் தெளித்த ஒரு குட்டி மீன் 2006இல் மியான்மரிலிருந்து மீன்தொட்டிச் சந்தைக்கு வந்தது. ‘கேலக்ஸி ராஸ்போரா’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது. 2007இல் அதை செலஸ்டிக்திஸ் மார்கரிடேடஸ் என்று புதுப் பேரினத்தில் விவரித்தார்கள். மறு வருடமே எலும்பமைப்பையும் மரபணுவையும் பார்த்த இன்னொரு குழு அதை டேனியோவுக்குள் கொண்டுவந்தது. கடைப் பெயரில் மட்டும் ராஸ்போரா இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஈசோமஸ் மீன்களும் அப்படித்தான்: ‘பறக்கும் பார்ப்’ என்று விற்கிறார்கள், பார்ப் என்ற வேறு கெண்டை வகைக் கூட்டத்தோடு நெருங்கிய உறவு ஒன்றும் இல்லை.

சரி, கண்ணால் பார்த்தே சொல்ல முடியாதா? ஓரளவு முடியும். குதத்துடுப்பை (அடிப்பக்கத்தில் வாலுக்கு முன்னால் இருக்கும் துடுப்பு) விரித்து, அதைத் தாங்கும் கம்பி போன்ற கதிர்களில் நுனியில் கிளைவிட்டவற்றை எண்ணுங்கள். ராஸ்போராவில் வழக்கமாக ஐந்துதான் இருக்கும். டேனியோவில் அதைவிட அதிகம். எண்ணும்போது ஒரு நுணுக்கம் உண்டு. கடைசியில் இரண்டு கதிர்கள் ஒரே அடியிலிருந்து கிளம்பும், அவற்றை ஒன்றாகத்தான் எண்ண வேண்டும். இதை விட்டுவிட்டு ஆறு என்று எழுதி, வேறு பேரினம் என்று குழம்பியவர்கள் உண்டு.

மீசையை வைத்து முடிவு செய்வது அதைவிட மோசம். ஜீப்ரா மீனுக்கு இரண்டு ஜோடி மீசை உண்டு. வளர்ப்புக் குளத்துக் கெண்டைக்கும் இரண்டு ஜோடிதான். அதற்காக இரண்டையும் அண்ணன் தம்பி என்று சொல்லிவிட முடியாது. வெளித்தோற்றத்தை நம்பி சேர்த்ததால்தான் கிழக்காசிய ஆறுகளில் வாழும் ஸாக்கோவும் ஆப்சாரிக்திஸும் வெகுகாலம் டேனியோனினே பட்டியலில் இருந்தன. மரபணு ஆய்வுகள் அவற்றைக் கிழக்காசியக் கெண்டைகளின் பக்கம் அனுப்பிவிட்டன. பழைய பட்டியலைப் புரட்டும்போது முதலில் இந்த இரண்டு பெயர்களைத் தேடுங்கள். இருந்தால், மற்ற பெயர்களையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டிய பட்டியல் அது.

அப்புறம் அந்த அடைப்புக்குறி. ஜீப்ரா மீனின் அறிவியல் பெயரை, அதை விவரித்தவரின் பெயரோடும் ஆண்டோடும் டேனியோ ரெரியோ (ஹாமில்டன், 1822) என்று எழுதும்போது அடைப்புக்குறி அழகுக்கு இல்லை. ஹாமில்டன் இந்த மீனை முதலில் சிப்ரினஸ் பேரினத்தில் வைத்தார், பிறகு இடம் மாறியது என்பதற்கான அடையாளம் அது. நடுவில் இதே மீன் பல ஆண்டுகள் பிராக்கிடேனியோ ரெரியோ என்று அழைக்கப்பட்டது. பழைய ஆய்வுக்கட்டுரைகளில் அந்தப் பெயரைப் பார்த்து வேறு மீன் என்று நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள்.

மேல்மட்டத்தில் இவ்வளவு கவனமாக இருந்துவிட்டு, சிற்றினத்தில் கோட்டை விடுவதும் நடக்கும். டேனியோனெல்லா என்பவை ஊசி போன்ற குட்டி மீன்கள், உடல் கண்ணாடி மாதிரி இருப்பதால் உயிரோடிருக்கும்போதே மூளை வேலை செய்வதைப் பார்க்கலாம். அதனால் ஆய்வுக்கூடங்களில் நல்ல கிராக்கி. பல வருடங்கள் அவற்றை டேனியோனெல்லா டிரான்ஸ்லூசிடா என்றே எழுதி வந்தார்கள். 2021இல் பிரிட்ஸும் உடன் ஆய்வாளர்களும் எலும்புகளையும் மரபணுவையும் ஒப்பிட்டபோது, தொட்டியில் இருந்தது அதுவரை பெயரே வைக்கப்படாத வேறொரு சிற்றினம் என்று தெரிந்தது. டேனியோனெல்லா செரிப்ரம் என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முன் வந்த கட்டுரைகளில் இன்னும் பழைய பெயர்தான் அச்சாகியிருக்கிறது. மேற்கோள் காட்டும்போது இரண்டு பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.