கம்யூனிட்டி காலேஜ்ல கிரிமினல் ஜஸ்டிஸ் படிக்கப் போறீங்களா? முதல்ல டிகிரி பேரைப் பாருங்க

அமெரிக்காவுல கம்யூனிட்டி காலேஜ்ல, அதாவது ரெண்டு வருஷ டிகிரி குடுக்கற காலேஜ்ல, கிரிமினல் ஜஸ்டிஸ் (போலீஸ், கோர்ட், ஜெயில் பத்தின படிப்பு) சேரணும்னா என்னென்ன கிளாஸ் இருக்குன்னு பாக்கறதுக்கு முன்னாடி டிகிரி பேரைப் பாருங்க. ஏ.ஏ (அசோசியேட் ஆஃப் ஆர்ட்ஸ்), ஏ.எஸ் (அசோசியேட் ஆஃப் சயின்ஸ்)னு இருந்தா பொதுவா நாலு வருஷ யுனிவர்சிட்டிக்கு மாறப் போறவங்களுக்கு, ஏ.ஏ.எஸ் (அசோசியேட் ஆஃப் அப்ளைடு சயின்ஸ்)னா நேரா வேலைக்குப் போறவங்களுக்கு. எதுவானாலும் கிட்டத்தட்ட 60 கிரெடிட்தான், முழு நேரம் படிச்சா ரெண்டு வருஷம், ஆனா ஏ.ஏ.எஸ் முடிச்சிட்டு மனசு மாறி பேச்சலர்ஸ், அதாவது நாலு வருஷ டிகிரிக்குப் போனா நிறைய கிரெடிட் அங்க செல்லாமப் போயிடலாம். கலிஃபோர்னியாவுல இதே படிப்புக்கு பல காலேஜ்ல அட்மினிஸ்ட்ரேஷன் ஆஃப் ஜஸ்டிஸ்னு பேரு, தேடும்போது ஞாபகம் வச்சுக்கோங்க.

எந்த வேலைன்னு முடிவு பண்ணிட்டா டிகிரியும் தானா முடிவாயிடும். புரொபேஷன் ஆபீசர் (கோர்ட் நிபந்தனையோட வெளியில விட்டவங்களைக் கண்காணிக்கறவர்) ஆகணும்னா பெரும்பாலான இடத்துல பேச்சலர்ஸ் கேப்பாங்க, அதனால ஏ.ஏ இல்லன்னா ஏ.எஸ் பக்கம் போங்க. கவுன்ட்டி ஜெயில், ஸ்டேட் பிரிசன் ஆபீசர் வேலைக்கு பல இடத்துல ஹைஸ்கூல் டிப்ளமாவே போதும், குறைஞ்ச வயசு 18ஆ 21ஆங்கறது ஸ்டேட்டைப் பொறுத்தது. ஃபெடரல், அதாவது மத்திய அரசு பிரிசன்னா சேர்றதுக்கு அதிகபட்ச வயசு வரம்பும் இருக்கும், அதைப் பாத்துக்கோங்க.

பணத்துக்கு கண்டிப்பா ஃபாஃப்சா, அதாவது மத்திய அரசோட படிப்பு உதவிக்கான விண்ணப்பம் போடுங்க. அதுல கிடைக்கற பெல் கிராண்ட்ங்கற உதவித்தொகை 2025-26ல அதிகபட்சம் 7,395 டாலர், அது கடன் இல்ல, பொதுவா திருப்பித் தர வேண்டாம். சிட்டிசனுக்கும் கிரீன் கார்டு இருக்கறவங்களுக்கும் வழி இருக்கு, எஃப்-1 விசாவுல (வெளிநாட்டு மாணவர் விசா) இருக்கறவங்களுக்குக் கிடைக்காது.

கரெக்ஷன்ஸ் (ஜெயில், பிரிசன் நிர்வாகம் பத்தின பாடம்) கிளாஸ்ல முதல் வாரமே ஜெயிலும் பிரிசனும் ஒண்ணு இல்லன்னு சொல்லிடுவாங்க, ஜெயில்னா விசாரணைக்குக் காத்திருக்கறவங்களும் பொதுவா ஒரு வருஷத்துக்குள்ள தண்டனை உள்ளவங்களும், பிரிசன்னா அதுக்கு மேல. அப்புறம் கேஸ் படிக்கணும். 1976ல வந்த எஸ்டெல் எதிர் கேம்பிள் கேஸை எடுத்துக்கோங்க, கைதிக்கு பெரிய அளவுல வைத்தியம் தேவைன்னு தெரிஞ்சும் வேணும்னே கண்டுக்காம விட்டா அது கொடூரமான தண்டனையைத் தடுக்கற, அரசியல் சட்டத்தோட எட்டாவது அமெண்ட்மென்ட்டை மீறுறதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு. நாளைக்கு ராத்திரி ஷிஃப்ட்ல ஒருத்தர் நெஞ்சு வலிக்குதுன்னு கூப்பிடும்போது நீங்கதான் அங்க நிப்பீங்க, அதை நினைச்சுக்கிட்டே படிங்க. ஒவ்வொரு கேஸுக்கும் என்ன நடந்துச்சு, கோர்ட் முன்னாடி இருந்த கேள்வி என்ன, தீர்ப்பு என்ன, ஏன்னு நாலு வரி சொந்தமா எழுதி வைங்க.

ரிப்போர்ட் எழுதற கிளாஸை மட்டும் அலட்சியமா விட்டுடாதீங்க, என்னைக் கேட்டா இந்தப் படிப்புலயே ரொம்ப முக்கியமானது அதுதான். ஒரு கைதியைப் பத்தி 'ரொம்ப ஆக்ரோஷமா இருந்தாரு'ன்னு எழுதினா அது உங்க அபிப்பிராயம், '9:40க்கு கதவை மூணு தடவை உதைச்சாரு, தண்ணி வேணும்னு கத்தினாரு'ன்னு எழுதினா அது நடந்தது. அந்தத் தண்ணி விஷயத்தை விட்டுட்டா ஒரு மனுஷனோட பக்கமே காணாமப் போயிடும், அந்த ரிப்போர்ட்டை வச்சுத்தான் அவருக்கு உள்ளயே தண்டனை குடுக்கலாமான்னு முடிவு பண்ணுவாங்க.

இன்டர்ன்ஷிப்புக்கு முதல் வருஷக் கடைசியிலயே கேட்டு வைங்க, பேக்ரவுண்ட் செக்குக்கே பல வாரம் ஆகலாம். பழைய டிராஃபிக் டிக்கெட், பழைய கேஸ் எதுவா இருந்தாலும் ஃபார்ம்ல கேட்டா மறைக்காம எழுதுங்க, சின்ன தப்பைக்கூட சில இடத்துல பொறுத்துப்பாங்க, மறைச்சது தெரிஞ்சா எடுக்க மாட்டாங்க.