கரித்தூளுக்குள் ஒளிந்திருந்த பொசுபரசு

நுவரெலியாவில் 1873இல் அமைக்கப்பட்ட கிரகரி வாவியைச் சுற்றி உரமிடப்படும் மரக்கறித் தோட்டங்கள் நிறைந்திருப்பதால், அதன் அடிச்சேற்றில் தாவரங்களுக்குக் கிடைக்கத்தகு பொசுபரசை அளக்க விரும்பினேன். 8.5 பிஎச் கொண்ட 0.5 மோலார் சோடியம் பைகார்பனேட் கரைசலை ஒரு கிராமுக்கு 20 மில்லிலீற்றர் வீதம் சேர்த்து 30 நிமிடம் குலுக்கும் ஓல்சன் முறையைக் கையாண்டேன். ஆனால் ஒரே மாதிரியின் மூன்று அளவீடுகளும் மூன்று விதமாக வந்தன.

வடிநீர் தேயிலைச் சாயம்போல் பழுப்பாக இருந்தது. பொசுபரசின் அளவைக் காட்டும் நீல நிறம் வருவிக்க அமிலம் சேர்த்தபோது, அதில் கரைந்திருந்த மட்குப்பொருள் திரிந்து கலங்கி, அந்நிறத்தை அளக்கும் 880 நானோமீற்றர் அலைநீளத்தில் ஒளியைச் சிதறடித்ததே காரணம். அதை நீக்கக் கரித்தூள் சேர்த்தேன்; நிறம் போயிற்று, ஆனால் சேறே சேர்க்காத வெற்றுக் கரைசலும் நீலமாயிற்று! கரியிலேயே பொசுபேற்று வடிவில் பொசுபரசு இருந்தது. அதனை ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தாலும், பின்னர் அதே பைகார்பனேட் கரைசலாலும், வெற்றுக் கரைசல் நிறமற்றதாகும்வரை பலமுறை கழுவினேன். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான்.

இன்னொரு தவறும் என்னுடையதே. காற்றில் உலர்த்தும்போது சேற்றின் இரும்பு ஒட்சியேற்றமடைந்து பொசுபேற்றைப் பிடித்துக்கொள்ளும் தன்மை மாறிவிடுவதால், இப்போது ஈரச்சேற்றையே எடுத்து, ஈரப்பதனை 105 பாகை செல்சியசில் தனியாக உலர்த்திக் கணித்து, உலர்நிறைக்கு மாற்றுகிறேன். அமிலம் விட்டதும் காபனீரொட்சைட்டு பொங்குவதால் குடுவையை உடனே மூடுவதுமில்லை. ஒரு மூடி கூரைவரை பறந்த பிறகு கற்றது அது.